உத்தி பிரித்தல்: சென்னை அணிக்கு ஆள் எடுத்த கதை

முப்பத்து மூன்று வருடம் அரசு அலுவலகத்தில் டிராஃப்ட் எழுதியே தேய்ந்தவன் நான். உதவியாளர் வரைவு வைப்பார், கண்காணிப்பாளர் அடித்துத் திருத்துவார், மறுபடி எழுத வேண்டும். எங்களுக்குத் தெரிந்த இன்னொரு டிராஃப்ட் பாங்கில் எடுப்பது. அதனால், மெல்போர்னில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு நவம்பர் மாதம் போன் செய்து, "மாமா, நாளைக்கு டிராஃப்ட். எங்க டீமுக்கு யார் வருவாங்களோன்னு ஒரே டென்ஷனா இருக்கு" என்றபோது, "எந்த பாங்க்டா, எவ்வளவு தொகை?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்த சிரிப்பு விருத்தாசலம் ஜங்ஷன் வரை கேட்டிருக்கும்.

பிறகு அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினான். அங்கே 'ஃபுட்டி' என்று ஓர் ஆட்டம். பெயர்தான் கால்பந்து, முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் குத்தலாம். கிரிக்கெட் மைதானத்திலேயே பக்கத்துக்கு 18 பேர் இறங்குகிறார்கள். வருடா வருடம் புதிதாக வரும் பதினெட்டு வயதுப் பையன்களை அணிகள் வரிசையாகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். 1986-ல் ஆரம்பித்த ஏற்பாடு. அதில் ஒரு விசேஷம்: போன பருவத்தில் கடைசி இடத்தில் வந்த அணிக்கு முதல் பெயர், கோப்பை வாங்கிய அணிக்குக் கடைசிப் பெயர். இளைத்தவன் முதலில் சாப்பிடட்டும், கொழுத்தவன் காத்திருக்கட்டும் என்ற கணக்கு.

கேட்டதும் நம் ஐபிஎல் ஏலம்தான் நினைவுக்கு வந்தது. டிசம்பர் வந்தால் என் பேரன் தீபாவளி மாதிரி காத்திருந்து அதைப் பார்க்கிறான். காசு இருப்பவன் கத்துகிறான், சுத்தியல் தட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்று நான் அலட்சியமாக இருந்தேன். மருமகன் பேச்சுக்குப் பிறகு பழைய செய்திகளைத் தேடிப் படித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? படித்ததில் எனக்குப் பிடிபட்டது இது: ஆள் எடுப்பதில் ஆளைப் பார்ப்பது பாதி வேலைதான். எந்த விதிப்படி எடுக்கச் சொல்கிறார்கள் என்று பார்ப்பது மீதிப் பாதி. இரண்டாவது பாதியில்தான் பலர் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம். நான் பள்ளியில் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் சரித்திரப் பாடத்தில் 'திராஜ் ஓ சோர்' என்று ஒன்று வரும். பிரான்சில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கக் கிராமத்து வாலிபர்களைக் கூட்டி, பெட்டிக்குள் கைவிட்டு எண் எடுக்கச் சொல்வார்கள். சின்ன எண் வந்தால் பட்டாளம், பெரிய எண் வந்தால் வீடு. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குச் சின்ன எண் வந்துவிட்டால் காசு கொடுத்து ஓர் ஏழையை மாற்றாளாக அனுப்பலாம். அந்த வழியை 1872-ல் அடைத்தார்கள். குலுக்கலே 1905-ல்தான் ஒழிந்தது. இப்படிப் பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பதை இங்கிலீஷில் டிராஃப்ட் என்பார்கள். அமெரிக்கர்கள் 1936-ல் அதே பெயரைத் தங்கள் கால்பந்து அணிகளுக்கு ஆள் பிரிக்கும் சடங்குக்கு வைத்தார்கள். முதன்முதலாகப் பெயர் சொல்லப்பட்டவர் ஜே பெர்வாங்கர். சம்பளம் ஒத்துவரவில்லை, தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் வேறு பிழைப்புப் பார்க்கப் போய்விட்டார். ஆரம்பமே அப்படி.

நமக்கும் இது புதிதல்ல. என் அம்மா பிறந்த ஊர் விருத்தாசலத்துக்குப் பக்கம். பெரிய லீவு விட்டால் புதுச்சேரியிலிருந்து அங்கே போய்விடுவோம். மணிமுத்தாற்று மணலில் சாயங்காலம் சடுகுடு. ஆள் பிரிக்க 'உத்தி' போடுவார்கள். இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, பேரப்பிள்ளைகள் யாராவது படித்தால் உதவும் என்று எழுதுகிறேன். இரண்டு தலைவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற பையன்கள் தங்களுக்குச் சமமான ஒருவனோடு ஜோடி சேர்ந்துகொண்டு தள்ளிப் போய் ரகசியப் பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒருவன் மாம்பழம், ஒருவன் பலாப்பழம். தோளில் கைபோட்டு வந்து நிற்பார்கள். மாம்பழம் வேண்டுமா, பலாப்பழம் வேண்டுமா என்று கேட்பார்கள். எந்தப் பழம் யார் என்று தெரியாமல் தலைவன் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவன் இந்தப் பக்கம், ஜோடி அந்தப் பக்கம்.

இதில் உள்ள புத்தி எனக்கு எழுபது வயதுக்கு மேல்தான் உறைத்தது. யார் யாருக்குச் சமம் என்று பையன்களே முடிவு செய்கிறார்கள். நோஞ்சானுக்கு நோஞ்சான், முரடனுக்கு முரடன். தலைவன் கண்ணை மூடிக்கொண்டு எதைச் சொன்னாலும் இரண்டு பக்கமும் பலம் சமமாகப் பிரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசியில் யாரும் வேண்டாதவனாக நிற்க மாட்டான். எங்கள் புதுச்சேரிப் பள்ளியில் அப்படி இல்லை. இரண்டு தலைவர்கள் மாற்றி மாற்றிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கடைசியில் மீந்து நிற்பவன் பெரும்பாலும் நான்தான். "சரி, நீ அவங்ககிட்ட போ" என்று சொல்லும்போது அதை என் பெயர் சொல்லிக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

உத்தியிலும் கள்ளத்தனம் உண்டு. மறைப்பானேன், நானே செய்திருக்கிறேன். என் பெரியம்மா மகன்தான் ஊரில் சடுகுடு சூரன், எப்போதும் தலைவன். "அண்ணா, நான் எப்பவும் கனமான பேரா வெச்சுக்குறேன். யானை, ரயில், பாறை. நீ அதையே சொல்லு" என்று முதல் நாள் இரவே பேசி வைத்துக்கொண்டேன். நான்கு நாள் அவன் பக்கமே விழுந்தேன். ஐந்தாம் நாள் என் ஜோடி, "ரயிலை நான் வெச்சுக்குறேன், நீ தும்பி" என்று விட்டான். அண்ணன் ரயிலைச் சொல்ல, நான் எதிர்ப் பக்கம். குட்டு உடைந்து, அந்த லீவு முழுக்க என்னோடு யாரும் ஜோடி சேரவில்லை.

தமிழில் உபாயத்துக்கும் உத்தி என்றுதான் பெயர். இனிச் சென்னைக்கு வருகிறேன்.

2008 பிப்ரவரி 20, மும்பையில் முதல் ஐபிஎல் ஏலம். எட்டு அணிகள். ஏலத்தில் செலவழிக்க ஆளுக்கு 50 லட்சம் டாலர். சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கி நான்கு வாரம்தான் ஆகியிருந்தது. ஏலத்துக்கு முன்பே ஒரு விதி போட்டிருந்தார்கள். ஊருக்கு ஒரு நட்சத்திரத்தை அந்த ஊர் அணி ஏலமில்லாமல் வைத்துக்கொள்ளலாம். மும்பைக்கு சச்சின், கொல்கத்தாவுக்கு கங்குலி, பெங்களூருக்கு டிராவிட், மொகாலிக்கு யுவராஜ், டெல்லிக்கு சேவாக். மரியாதையான ஏற்பாடுதான். ஆனால் அடியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: அந்த அணி ஏலத்தில் எடுக்கும் மிக விலை உயர்ந்த ஆட்டக்காரரைவிட 15 சதவீதம் அதிகமாக நட்சத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

அரசாணையைப் படிக்கும்போது பின் இணைப்பை முதலில் படி என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். சென்னை அதைத்தான் செய்தது. நட்சத்திரம் இல்லாமல் ஏலத்துக்குப் போனது. சென்னைக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு வி.பி.சந்திரசேகருடையது. நம் தலைமுறைக்கு அவரை நன்றாகத் தெரியும். 1987-88-ல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியின் தொடக்க ஆட்டக்காரர். அதற்கடுத்து இரானி கோப்பையில் 56 பந்தில் சதம் அடித்தவர். ரேடியோவை அணைக்காமல் கேட்டோம். சென்னைக்கு யார் வேண்டும் என்ற பேச்சில் சேவாக்கின் பெயரும் அடிபட்டது. தோனிதான் வேண்டும் என்று நின்றவர் சந்திரசேகர்.

தோனியின் பெயர் வந்தபோது மும்பையும் விடாமல் கேட்டது. 15 லட்சம் டாலரில் நின்றது போட்டி. ஏன் நின்றது என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மும்பை தோனியை 15 லட்சத்துக்கு எடுத்தால் சச்சினுக்கு 17 லட்சத்து 25 ஆயிரம் கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்கே 32 லட்சத்துக்கு மேல். மிச்சம் 18 லட்சத்தில் ஓர் அணியையே கட்ட வேண்டும். சென்னைக்கு அந்த பாரம் இல்லை. தோனிக்கு 15 லட்சம் கொடுத்தாலும் கையில் 35 லட்சம். அன்றைய மதிப்பில் 6 கோடி ரூபாய். அன்று ஏலம் போனவர்களில் அதுதான் உச்ச விலை. பக்கத்துத் தெருவில் ஒருவர் "பைத்தியக்காரத்தனம்" என்றார். நானும் தலையாட்டினேன் என்று ஞாபகம். பிறகு ரெய்னாவை 6 லட்சத்து 50 ஆயிரத்துக்கும், நம் சென்னை மாப்பிள்ளை முரளிதரனை 6 லட்சத்துக்கும் எடுத்தார்கள்.

இதே புத்தி ஹைதராபாத்துக்கும் இருந்தது. அங்கே லக்ஷ்மணே நட்சத்திரப் பட்டம் வேண்டாம், அந்தப் பணத்தில் அணி நல்ல ஆட்களை எடுக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார். பெருந்தன்மைதான். அவர்கள் சைமண்ட்ஸை 13 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்தார்கள். அந்த வருடம் எட்டு அணியில் எட்டாவதாக வந்தார்கள். அடுத்த வருடம் கோப்பையே வாங்கினார்கள்! ஆகவே விதியைப் படித்தவன் எல்லாம் அன்றே ஜெயித்துவிடுவான் என்று நான் சொல்லவில்லை. சென்னைகூட முதல் வருடம் இறுதி ஆட்டத்தில் கடைசிப் பந்தில் தோற்றது. யாரிடம்? எட்டு அணிகளிலேயே குறைந்த விலைக்குப் போன ராஜஸ்தானிடம்.

ஏலத்தோடு அந்த வருடம் உண்மையான டிராஃப்டும் ஒன்று நடந்தது, பலருக்கு மறந்திருக்கும். 2008 மார்ச் 2 அன்று கோலாலம்பூரில் 19 வயதுக்குட்பட்ட நம் பையன்கள் உலகக் கோப்பை வென்றார்கள். அந்தப் பையன்களை ஏலம் விடாமல், விலையை முன்கூட்டியே நிர்ணயித்து, அணிகள் முறை வைத்து எடுத்துக்கொண்டன. முதல் பெயர் சொல்லும் முறை டெல்லிக்கு. கோப்பை வென்ற அணியின் தலைவனே டெல்லிப் பையன், பெயர் விராட் கோலி. டெல்லி சொன்ன பெயர் பிரதீப் சாங்வான், இடது கை வேகப்பந்து வீச்சாளர். எங்களிடம் சேவாக், கம்பீர் என்று மட்டை பிடிப்பவர்கள் போதும், பந்து போட ஆள் வேண்டும் என்பது அவர்கள் நியாயம். அடுத்து பெங்களூர், கோலியை 30 ஆயிரம் டாலருக்கு எடுத்தது. சுமார் 12 லட்சம் ரூபாய்.

இன்று டெல்லிக்காரர்களைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊர் பீங்கான் சூளைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மை வரிசையில் எது வெடிக்கும், எது நிற்கும் என்று பச்சையில் யாராலும் சொல்ல முடியாது. சூளை திறந்தால்தான் தெரியும். டெல்லியின் தப்பு சாங்வானை எடுத்ததில் இல்லை என்பது என் கட்சி. இன்றைக்கு நம் வீட்டில் என்ன குறை என்று பார்த்துப் பதினெட்டு வயதுப் பையனை எடுத்ததுதான் தப்பு. அவன் முழு ஆட்டக்காரன் ஆகும்போது இன்றைய சேவாக்கும் கம்பீரும் இருக்க மாட்டார்களே! பெங்களூரும் பலனுக்கு 18 வருடம் காத்திருந்தது. 2025 ஜூனில்தான் முதல் கோப்பை.

அதே முறையில் சென்னைக்கு ஒரு தமிழ்நாட்டுப் பையன் வந்தான். பெயர் நெப்போலியன் ஐன்ஸ்டைன். பிரெஞ்சு படித்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் எழுந்து நிற்கத் தோன்றியது. பெரிய ஆட்டங்களில் பிறகு அந்தப் பெயரை அதிகம் பார்க்கவில்லை. அஸ்வின் என்ற இன்னொரு சென்னைப் பையனை எந்தக் கத்தலும் இல்லாமல் அதே வருடம் சேர்த்துக்கொண்டார்கள். அவர் என்ன ஆனார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பச்சை மண் சமாசாரம்தான்.

மெல்போர்ன் மருமகன் ஆதரிக்கும் ஹாதார்ன் அணிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2001-ல் நன்றாக ஆடிக்கொண்டிருந்த டிரென்ட் க்ரோட், இளைஞர் மெக்ஃபார்லின் இருவரையும் ஃப்ரீமேன்டில் அணிக்குக் கொடுத்துவிட்டு, அவர்களின் முதல் முறை, 20-ஆவது முறை, 36-ஆவது முறை மூன்றையும் வாங்கிக்கொண்டார்கள். ஆளைக் கொடுத்து வரிசை எண்ணை வாங்கினார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். முதல் முறையில் எடுத்தது லூக் ஹாட்ஜ். 36-ஆவதாக, முப்பத்தைந்து பெயர் போன பிறகு எடுத்தது சாம் மிட்செல். 2008-ல் மிட்செல் தலைமையில் கோப்பை. 2013, 14, 15 மூன்று வருடமும் ஹாட்ஜ் தலைமையில் கோப்பை. 20-ஆவது எண்ணில் எடுத்தவர் யார் என்று மருமகனைக் கேட்டேன். அவனே கூகுளில் தேடித்தான் சொன்னான். வேடிக்கை என்னவென்றால், கொடுத்துவிட்ட க்ரோட் இரண்டு வருடத்தில் திரும்பி வந்து 2008 இறுதி ஆட்டத்தில் அதே அணிக்கு ஆடினார்.

கடைசியில் வருபவனுக்கு முதல் பெயர் என்றால், வேண்டுமென்றே தோற்கத் தோன்றாதா? கேட்டேன். தோன்றுமாம். 2009-ல் மெல்போர்ன் அணி மேல் அந்தச் சந்தேகம் வந்து, விசாரணை நடந்து, வேண்டுமென்று தோற்றதாக அணி மேல் குற்றம் நிரூபணமாகாவிட்டாலும் 2013-ல் 5 லட்சம் டாலர் அபராதம், இரண்டு பேருக்குத் தடை. நல்லெண்ண விதிக்கும் ஓட்டை உண்டு. இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது: ஓர் அணிக்கு நூறு ஆட்டம் ஆடியவரின் மகனை அந்த அணி முன்னுரிமையில் எடுத்துக்கொள்ளலாம். "நம்ம கருணை அடிப்படை நியமனம் மாதிரி" என்றேன். "அப்பா செத்துப்போக வேண்டியதில்ல மாமா" என்றான்.

பையனுடைய விருப்பத்தை யாராவது கேட்டார்களா? இந்தக் கேள்விதான் என்னைத் துளைத்தது. எங்கள் தேர்வாணையத்தில் தேர்ச்சி பெற்றால் கலந்தாய்வுக்குக் கூப்பிடுவார்கள். தரவரிசைப்படி நாம் போய், காலி இடப் பட்டியலைப் பார்த்து, இந்த மாவட்டம் வேண்டும் என்று சொல்லலாம். அங்கே ஆள் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறான். டிராஃப்டில் இடம் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எங்களுக்குக்கூட ஆறு மாதம் கொடுத்தார்கள், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர் எழுதிக் கொடுக்கலாம் என்று. என் அப்பா காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆறு மாதம் கழித்துவிட்டார். எழுதவில்லை, இந்தியரானோம். நான் விருத்தாசலத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் பாரிஸில் இருக்கிறார்கள். ஆனாலும் கேட்டார்கள் அல்லவா?

ரவீந்திர ஜடேஜாவைப் பாருங்கள். கோலாலம்பூரில் வென்ற அந்தப் பையன்களில் ஒருவர். 2008 முறையில் ராஜஸ்தானுக்குப் போனார். 2010-ல் தன் இஷ்டத்துக்கு வேறு அணியோடு பேசினார் என்று அந்தப் பருவம் முழுக்க ஆட விடாமல் நிறுத்திவைத்தார்கள். நம்மைப் போன்றவர் வேறு கம்பெனியில் வேலை கேட்டால் அது உரிமை. அவர் கேட்டால் குற்றம். 2012 ஏலத்தில் சென்னையும் ஹைதராபாத் டெக்கானும் அவருக்காக 20 லட்சம் டாலர் உச்சவரம்பைத் தொட்டு நின்றன. பிறகு ரகசியமாகத் தொகை எழுதிக் கொடுக்கும் சமன்முறிப்பில் சென்னை வென்றது.

2015 ஜூலை 14. அந்தத் தேதி சென்னை ரசிகர்களுக்குக் கறுப்பு நாள். நீதிபதி லோதா குழு சென்னை, ராஜஸ்தான் இரண்டு அணிகளின் உரிமையாளர்களையும் சூதாட்ட விவகாரத்தில் இரண்டு வருடம் நிறுத்திவைத்தது. ஆட்டக்காரர்கள் செய்த தப்பு அல்ல. ஆனால் அணி கலைந்தது. அந்த இடத்தில் இரண்டு தற்காலிக அணிகள், புனேயும் ராஜ்கோட்டும். இதற்கான ஏலம் தலைகீழ். வாரியத்திடமிருந்து குறைவாகக் கேட்பவருக்கே அணி. கடைசியில் எதுவும் கேட்காமல் வருடத்துக்கு 16 கோடியைத் தாங்களே கொடுப்பதாகப் புனேக்காரர்கள் சொன்னார்கள்; ராஜ்கோட் 10 கோடி. அதிகம் கொடுப்பதாகச் சொன்னதால் புனேக்கு முதல் பெயர்.

டிசம்பர் 15 அன்று, கலைந்த இரண்டு அணிகளின் ஆட்டக்காரர்கள் ஐம்பது பேரை நடுவில் வைத்து இரண்டு தலைவர்களும் மாற்றி மாற்றிப் பெயர் சொன்னார்கள். என் புதுச்சேரிப் பள்ளி மைதானமேதான். புனே: தோனி. ராஜ்கோட்: ரெய்னா. புனே: ரஹானே. ராஜ்கோட்: ஜடேஜா. புனே: அஸ்வின். ராஜ்கோட்: மெக்கல்லம். புனே: ஸ்மித். ராஜ்கோட்: ஃபாக்னர். புனே: டுபிளெசி. ராஜ்கோட்: பிராவோ. முதல் பெயருக்குப் பன்னிரண்டரைக் கோடி, பிறகு ஒன்பதரை, ஏழரை, ஐந்தரை, 4 கோடி என்று படிக்கட்டு விலை. எட்டு வருடம் ஒன்றாக ஆடிய தோனியும் ரெய்னாவும் பத்து வினாடியில் எதிரெதிர்ப் பக்கம். என் மனைவிக்குக் கிரிக்கெட்டில் அக்கறை கிடையாது. அவளே, "பாகப் பிரிவினை மாதிரி இருக்கே" என்றாள்.

முதல் பெயர் சொன்ன புனே 2016-ல் ஏழாவது இடம். இரண்டாவதாகச் சொன்னவர்கள் லீக் பட்டியலில் முதலிடம்! அடுத்த வருடம் தலைகீழ்: குஜராத் லயன்ஸ் என்ற அந்த ராஜ்கோட் அணி ஏழாவது, புனே தோனியைத் தலைமையிலிருந்து எடுத்துவிட்டு ஸ்மித் தலைமையில் இறுதி ஆட்டத்துக்குப் போய் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. முதல் பெயர் சொல்லும் பாக்கியத்தை நாம் எவ்வளவு பெரிதாக நினைக்கிறோம்!

2018-ல் சென்னை திரும்பியபோது செய்ததுதான் என் பார்வையில் அவர்களின் நல்ல உத்தி. தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரையும் தக்கவைத்தார்கள். ஏலத்தில் வேறு யாரோ கேட்ட விலையைத் தானும் கொடுத்துப் பழைய ஆளை மீட்கலாம் என்ற விதியைப் பயன்படுத்தி டுபிளெசி, பிராவோவையும் கொண்டுவந்தார்கள். பிரிந்த வீட்டைக் கூடியவரை கட்டினார்கள். முப்பது வயது தாண்டியவர்கள், கிழவர் படை என்று கேலி பேசினார்கள். ஓய்வூதியக்காரனான எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கிழவர் படை அந்த வருடமே கோப்பை வாங்கியது. அஸ்வினைத்தான் மீட்க முடியவில்லை. பஞ்சாப் 7 கோடியே 60 லட்சத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

சந்திரசேகர் 2019 ஆகஸ்ட் 15 அன்று காலமானார். வயது 57. தோனி என்ற பெயரைச் சொல்லச் சொன்னவர் பெயர் இன்று மஞ்சள் சட்டை போட்ட பையன்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கபடியைச் சொல்லாமல் விட்டால் நம் மாவட்டத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2022-ல் தமிழ் தலைவாஸ் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய்விட்டது. பருவம் முழுக்க இல்லை. பணம் போச்சு என்று டீக்கடையில் எல்லோரும் தலையில் கைவைத்தோம். பேர் தெரியாத நரேந்தர் என்ற புதுப் பையன் பாடிப் பாடிப் புள்ளிகளைக் குவித்து, அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. சூளை திறந்தது அப்படி.

ஜடேஜா கதைக்கு முடிவு சொல்லவில்லையே. 2023 இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்தில் ஆறும் நான்கும் அடித்துச் சென்னைக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2025 நவம்பரில் அவரையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை எடுத்துக்கொண்டது சென்னை. 2008-ல் எங்கே ஆரம்பித்தாரோ அங்கேயே திரும்பிப் போனார். பேரன் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனும் தெருப் பையன்களும் டீம் பிரிக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பையன் ஓரமாக நின்றிருந்தான்; யாரும் கூப்பிடாதவன் நிற்கும் நிலை எனக்குத் தெரியும். எல்லோரையும் உட்கார வைத்து உத்தி போடச் சொல்லிக் கொடுத்தேன். ஜோடி சேரு, தள்ளிப் போ, ரகசியப் பெயர் வை, காதோடு வை. சரி தாத்தா, சரி தாத்தா என்றார்கள். அந்தச் சின்னப் பையனும் தன்னைப் போல் ஒருவனைப் பிடித்துக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போனான். திரும்பி வரும்போதே தெரு முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு வந்தான்: "தாத்தா, நான் தோனி! இவன் ஜடேஜா!"

இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில், "எனக்குத் தோனி" என்றார்கள்.